முதல் நாள் மத்தியானம் விழுந்த விரிசல்

"நான் நனச்சேன் மேடம். உங்களுக்குத் தெரியுமே."

புஷ்பம் அக்கா இப்படிச் சொன்னபோது நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. திரை அணைந்திருந்தது. அணைந்த திரையில் என் ஹெல்மெட்டின் மஞ்சள் தெரிந்தது.

கழக்கூட்டத்தில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம் அது. தலைக்கு மேலே இருந்த கான்கிரீட் தளத்தின் முட்டுகளையும் பலகைகளையும் அன்று காலையில்தான் பிரித்திருந்தார்கள். பலகை வாசனை இன்னும் போகவில்லை. தளத்தின் அடிப்பக்கத்தில் ஆறேழு ஈரக்கோடுகள் சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடின. அவற்றின் ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

மேனேஜர் அனில் சார் அண்ணாந்து பார்த்து, "எந்தா கௌரி காரணம்?" என்று என்னைக் கேட்டார். அந்தத் தளத்துக்குப் பொறுப்பான என்ஜினியர் நான்தான்.

"கியூரிங் போதாம போயிருக்கும் சார்" என்றேன்.

போட்ட கான்கிரீட்டைக் காயவிடாமல் நாள்கணக்கில் நனைத்து வைப்பதைத்தான் சைட்டில் கியூரிங் என்போம். அந்தத் தளத்தை நனைக்கிற வேலை புஷ்பம் அக்காவுடையது. அவர் நாலடி தள்ளி, கையில் சுருட்டிய குழாயோடு நின்றுகொண்டிருந்தார். கொத்துவேலை மேஸ்திரி பைஜுவும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றார்கள்.

நான் சொன்னது பொய். சொல்லும்போதே பொய் என்று தெரிந்து சொன்னேன்.

எல்லாரும் சுவரைக் காட்டறா

கான்கிரீட் விரிசல் விடும். என் தொழிலில் இருக்கிற யாரும் இதை மறுக்க முடியாது. தண்ணீரோடு கலந்து ஊற்றுகிறோம். தேவைக்கு மேல் உள்ள தண்ணீர் மெல்ல மெல்லப் போகிறது, போகப்போகக் கான்கிரீட் சுருங்குகிறது. ஆனால் தூணும் உத்தரமும் கம்பியும் அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எவ்வளவு பாரத்தை ஏற்றினாலும் தாங்குகிற கான்கிரீட், இழுத்தால் தாங்காது. விட்டுவிடும்.

விரிசலே இல்லாமல் கட்டுவேன் என்று சொல்கிற காண்டிராக்டரை நம்பாதீர்கள். எங்கே விழ வேண்டும், எவ்வளவு அகலத்தில் விழ வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் எங்கள் வேலை. அகலமான தரைகளில் மறுநாளே நேர்க்கோடாக, சின்னப் பள்ளமாய்க் காடி வெட்டிவிடுவோம். சுருங்குகிற தரை அந்தக் காடிக்குள் விரிசல் விடும், யார் கண்ணிலும் படாது. கூரைகளில் கம்பியை நெருக்கமாக வைப்போம். ஒரு பெரிய வெடிப்பு வர வேண்டிய இடத்தில் தலைமுடி அகலத்தில் பல கோடுகளாகப் பிரிந்து போகும். அவற்றால் கெடுதல் இல்லை.

கரமனையில் எங்கள் அக்ரஹாரத் தெருவில் நான் என்ஜினியரான நாளிலிருந்து இந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு கல்யாணத்தில் இலையில் பால் பாயசம் விட்டுக்கொண்டிருக்கும்போதே எதிர் வீட்டு மாமா கைபேசியை என் மூக்கின் முன்னால் நீட்டினார். "கௌரி, எங்காத்து மச்சுல ஒரு கோடு விழுந்திருக்கு. கொஞ்சம் பாரேன்." படத்தில் வெள்ளையடித்த சுவர் மட்டும் தெரிந்தது.

அம்மாவுக்கு இதில் பெருமை உண்டு. "டாக்டராத்துல போய் ஒடம்பக் காட்டற மாதிரின்னா எல்லாரும் சுவரக் காட்டறா, கேட்டியா" என்பாள்.

மாமாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். விரிசலின் மேல் குறுக்காகச் சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி வையுங்கள். மாதக்கணக்கில் உடையாமல் இருந்தால் அது நின்றுபோன விரிசல். பூசி அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. அப்போது ஆளைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. விரிசலைப் பார்த்தால் அதன் வயது தெரியும். அஸ்திவாரம் இறங்கி வருஷங்கள் கழித்து வருவது சுவரில் படிக்கட்டு மாதிரி ஏறும். மாதங்கள் கழித்துக் காய்ந்து சுருங்கி வருவது வேறு மாதிரி. தளத்தின் நடுவில், சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக வருவது முதல் நாளே வந்தது. ஊற்றிய சில மணி நேரத்தில், கான்கிரீட் இறுகும் முன்பே, வெயிலும் காற்றும் மேல்பரப்பின் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடுவதால் வருவது.

கியூரிங் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது மறுநாள் காலையில். அதாவது, தலைக்கு மேலே தெரிந்த அந்தக் கோடுகள் விழுந்தபோது புஷ்பம் அக்காவின் வேலை ஆரம்பித்திருக்கவே இல்லை.

ஹெல்மெட் போட்ட பெண்

அந்தக் கம்பெனியின் சைட்டுகளில் அப்போது பெண் என்ஜினியர் நான் ஒருத்திதான். மகளிர் தினத்துக்கு ஒரு வீடியோ வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். தளம் போடுகிற நாளன்றே மூன்று பேர் கேமராவோடு வந்தார்கள். வேலை நடக்கும்போது எடுத்தால்தான் இயற்கையாக இருக்குமாம்.

மார்ச் மாதத்து வெயில். கழக்கூட்டத்தில் மத்தியானமானால் கடற்காற்று வேறு எழும்பும். ஹைவேயில் நெரிசல். கான்கிரீட் கொண்டுவந்த லாரிகள் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் டிரம்மைச் சுழற்றிக்கொண்டு நின்றன. கடைசியில் வந்து சேர்ந்தபோது கான்கிரீட் இறுக ஆரம்பித்திருந்தது.

பம்ப் ஓட்டுகிறவர் கீழேயிருந்து கேட்டார். "குழல் அடைஞ்சு போகும் மேடம். கொறச்சு வெள்ளம் ஒழிக்கட்டே?"

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். லாரிக்குள் தண்ணீர் ஊற்றினால் கான்கிரீட் சுலபமாக ஓடும். வலு குறையும், கூடுதலாகச் சுருங்கும். கூடாது என்பது முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். திருப்பி அனுப்ப வேண்டிய லாரி அது. கேமரா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் லாரிக்காரனோடு சண்டை போட எனக்கு மனமில்லை. சரி என்று தலையை ஆட்டினேன். அடுத்த லாரிக்கும் ஆட்டினேன்.

பரப்பி மட்டம் தட்டி முடித்ததும் மேலே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு மூட வேண்டும். அதைச் செய்திருந்தால் பாதி தப்பித்திருக்கும். பைஜு வந்து கேட்டார். "மேடம், ஷீட் இடண்டே?"

வீடியோ எடுக்க வந்தவர், ஈரம் மினுங்குகிற பரப்பு பின்னால் தெரிந்தால் அழகாக இருக்கும், நீல ஷீட் வேண்டாம் என்றார்.

"அஞ்சு நிமிஷம்" என்று பைஜுவிடம் சொன்னேன்.

அந்த அஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு தூரத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். கைகட்டி நிற்கச் சொன்னார்கள். நின்றேன். யாரோ எனக்குக் குடை பிடித்தார்கள். கான்கிரீட்டுக்கு யாரும் பிடிக்கவில்லை.

நாலு மணிக்குப் பைஜு என்னைக் கைகாட்டி அழைத்தார். குனிந்து பார்த்தேன். சாய்வாக, இணையாக ஆறேழு கோடுகள். விரல் நகம் நுழைகிற அகலம்.

கான்கிரீட் மிருதுவாக இருக்கும்போதே கண்டிருந்தால் இயந்திரத்தால் மறுபடி அதிரவிட்டு, அழுத்தித் தேய்த்து மூடியிருக்கலாம். அதற்குள் இறுகிவிட்டது. அப்போது செய்ய வேண்டியது, பதிவேட்டில் எழுதிவிட்டு அனில் சாரிடம் சொல்வது. நான் பைஜுவிடம், "சிமென்ட் தூவித் தேச்சு விடுங்க" என்றேன். மேல்தோலை மட்டும் மூடுகிற வேலை. கீழே வெடிப்பு அப்படியே இருக்கும்.

பைஜு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிமென்ட்டை அள்ளித் தூவித் தேய்த்தார்.

ஒரு பாத்தியில் மட்டும்

புஷ்பம் அக்காவுக்கு வித்துரா பக்கம். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலைத் தோட்டத்துக்குத் தேயிலை பறிக்க வந்தவர்கள். தோட்டத்தில் வேலை இல்லாமல் போனதும் இவர் நகரத்துக்கு இறங்கி வந்தார். கழக்கூட்டத்தில் நாலு பெண்களோடு ஓர் அறையில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்குப் போவார். எனக்கு அப்போது முப்பது இருக்கும். அவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

மறுநாள் காலை நான் போவதற்குள் சிமென்ட் சாந்தால் வரப்பு போட்டு, தளம் முழுவதையும் பாத்தி பாத்தியாகப் பிரித்துத் தண்ணீர் நிறுத்தியிருந்தார். வயல் மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் நடுவிலிருந்த ஒரு பாத்திக்குக் கூட்டிப்போனார்.

"இதுல மட்டும் தண்ணி நிக்கல மேடம். நெறைக்க நெறைக்க எறங்குது."

"வெயிலுக்கு வத்தியிருக்கும் அக்கா."

"இன்னும் வெயிலே வரல்லியே." குனிந்து, தண்ணீருக்குள் கைவிட்டுத் தடவினார். "வெடிப்பு இருக்கு மேடம். கையில தட்டுது."

"நான் பாத்துக்கறேன். நீங்க நிறைச்சிண்டே இருங்க."

அவர் நிறைத்துக்கொண்டே இருந்தார். மற்றப் பாத்திகளுக்கு இரண்டு வேளை என்றால் அந்தப் பாத்திக்கு ஆறு வேளை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகவில்லை. மத்தியானங்களில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தளத்தின் மேல் நடந்து, எங்கே சுடுகிறது என்று பார்ப்பார். சுடுகிற இடத்தில் நனைந்த சாக்கைப் போடுவார். இதையெல்லாம் என் கண்ணால் பார்த்தேன்.

நான் மூடிவைத்த விரிசலைக் கண்டுபிடித்து என்னிடமே காட்டியவர் அவர். பலகை பிரித்த அன்று, அவர் பேரைத்தான் நான் சொன்னேன்.

அன்று அனில் சார் சத்தம் போடவில்லை. "சேச்சி நாளை மொதல் வரண்டா" என்றார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். புஷ்பம் அக்கா என்னைப் பார்த்தார். "நான் நனச்சேன் மேடம். உங்களுக்குத் தெரியுமே." நான் அணைந்த கைபேசியைப் பார்த்தேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குழாயைச் சுருள் கலையாமல் தூணோரம் வைத்துவிட்டுப் போனார்.

ஏன் அப்படிச் செய்தேன்? பெண்ணை சைட்டுக்கு அனுப்பினால் இப்படித்தான் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது என்று பயந்தேன். அந்தப் பயம் நிஜம்தான். அந்தப் பயத்தில் என்னைவிட வலுவில்லாத இன்னொரு பெண்ணைப் பிடித்து முன்னால் தள்ளினேன். அதுவும் நிஜம். அந்த வாரமும் எங்கள் தெருவின் வாட்ஸப் குழுவில் என் வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது பசியில்லை என்றேன்.

தானாக அடைந்தது

பத்து நாள் கழித்து வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். தளத்தில் துளையிட்டு உருளை உருளையாக எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பெரிய வெடிப்புகளுக்குள் பிசின் போன்ற ஒரு மருந்தை ஊசி வழியாகச் செலுத்தினால் போதும், தளத்துக்கு ஆபத்தில்லை என்றார். அப்படியே செய்தோம். இன்று அதன் மேல் மனிதர்கள் குடியிருக்கிறார்கள், பயமில்லை.

அனில் சார் தள்ளி நின்று போன் பேசிக்கொண்டிருந்தபோது அந்த நிபுணர் என்னிடம் ஒன்று சொன்னார். கோடுகளின் ஓரத்தில் பூத்திருந்த வெள்ளையைக் காட்டி, "நனைச்ச ஆள் நல்லா நனைச்சிருக்கு. அதுனாலதான் சின்ன வெடிப்பெல்லாம் தானாவே அடைஞ்சிருக்கு" என்றார்.

அது உண்மை. மெல்லிய விரிசலைத் தொடர்ந்து ஈரமாக வைத்தால், உள்ளே மிச்சமிருக்கும் சிமென்ட்டும் சுண்ணாம்பும் கரைந்து வந்து அதை அடைத்துக்கொள்ளும். நான் உண்டாக்கியதைப் புஷ்பம் அக்கா முடிந்த மட்டும் சரிசெய்திருக்கிறார்.

அந்த நிமிஷத்தில் அனில் சாரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. நிபுணரின் அறிக்கையில் முதல் நாள் விரிசல் என்று எழுதியிருந்தது. அனில் சார் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மழைக்காலம் வந்து போனது. ஒரு கல்லூரியில் விரிசல்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். ஒரு மாணவி எழுந்து, விரிசல் எப்போது வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாள். படம் போட்டு விளக்கினேன். "முதல் நாள் விரிசலுக்கு அப்புறம் நனைச்சவங்களைக் குறை சொல்ல முடியாது" என்று என் வாயே சொன்னது. மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்தேன். தண்ணீர் குடித்து முடிக்கும் வரை அந்தப் பெண் நோட்டோடு காத்துக்கொண்டிருந்தாள்.

வித்துராவில்

அந்த வாரமே நெடுமங்காடு வழியாக வித்துராவுக்குப் பஸ் ஏறினேன். சந்தையில் விசாரித்து, பொன்முடி ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் சாலையோரத்தில் புதர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நூறு நாள் வேலை. பச்சைச் செடி வெட்டுப்பட்ட வாசனை. அவர்களில் ஒருவராகப் புஷ்பம் அக்கா இருந்தார்.

என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வேகமாக வந்தார். நான் வாயைத் திறக்கும் முன் மற்றவர்களிடம் திரும்பிச் சொன்னார். "இது எங்க சைட்டு எஞ்சினீயர் மேடம். வேல தீந்து வந்தேன்ல, அந்த சைட்டு."

வேலை தீர்ந்து வந்ததாகத்தான் ஊரில் சொல்லியிருக்கிறார். எல்லார் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

"புஷ்பம் நல்லா வேல செய்யுமா மேடம்?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இவங்கள மாதிரி யாரும் செய்ய மாட்டாங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். புஷ்பம் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

தனியாக ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடி கிளாஸில் பால் விடாத கட்டன் சாயா வந்தது. தண்ணீர் ஊற்றச் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டார். "இத எதுக்கு மேடம் எங்கிட்ட சொல்லுதீங்க? நான் நனச்சது எனக்குத் தெரியும். தெரியாதது அவங்களுக்கு. அவங்ககிட்டல்லா சொல்லணும்."

"யார்கிட்ட?"

"அனில் சார் போட்டும். அவரு பெரிய ஆளு. பைஜு அண்ணன் இருக்குல்ல, ரெண்டு வருஷம் ஒரே எடத்துல உக்காந்து சோறு தின்னோம். அதோட ரெண்டு பிள்ளைங்களுக்கும் நான் ஊர்லருந்து நெல்லிக்கா கொண்டு குடுப்பேன். இந்தப் பொம்பள வேலய ஏமாத்திட்டான்னு அண்ணன் நெனச்சிருக்கும். அது ஒண்ணுதான் எனக்கு."

"சொல்றேன்" என்றேன்.

தெரியுமே

அனில் சாரிடம் முதலில் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "எழுதித் தா" என்றார். எழுதிக் கொடுத்தேன். என்னை சைட்டிலிருந்து எடுத்து, அலுவலகத்தில் அளவுக் கணக்கு போடுகிற மேஜையில் ஒரு வருஷம் உட்கார வைத்தார்கள். அதில் அநியாயம் எதுவும் இல்லை. புஷ்பம் அக்காவை மறுபடி எடுத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டேன். வந்தால் வரட்டும் என்றார்.

பைஜு அப்போது பக்கத்திலேயே வேறொரு கட்டடத்தில் இருந்தார். சாயங்காலச் சாயா நேரத்தில் போனேன். அன்றைய ஆட்கள் இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். மூன்று பேர் முன்னாலும் நின்று சொன்னேன். "அன்னிக்கு நான் சொன்னது பொய். புஷ்பம் அக்கா ஒரு தப்பும் பண்ணலை. தப்பு என்னோடது."

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒருவர் கிளாஸைக் கழுவப் போனார்.

"எங்களுக்கு அறியாமல்லோ மேடம்" என்றார் பைஜு. தெரியுமே என்றார். "சிமென்ட் வாரித் தேச்சது ஞான்தானே."

"பின்ன ஏன் பைஜு அன்னிக்கு ஒண்ணும் சொல்லலை?"

"மேடம் பறஞ்சதுக்கு மேல ஞான் பறஞ்சா எனக்கும் பணி போகும். ரெண்டு குட்டிகள் உண்டு." அவர் என்னைப் பார்க்கவில்லை. கையில் ஒட்டியிருந்த காய்ந்த சிமென்ட்டை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார்.

பஸ் நிறுத்தத்தில் நின்று புஷ்பம் அக்காவைக் கைபேசியில் கூப்பிட்டேன். ஹைவே இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சொல்லிவிட்டேன் என்றேன்.

"அண்ணன்கிட்டயா?" குரலில் வெளிச்சம் இருந்தது. "அண்ணன் என்ன சொல்லிச்சு?"

வருத்தப்பட்டார் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் முழுப் பொய் ஆகாது. ஆனால் இந்தப் பெண்ணிடம் இன்னொரு தடவை என்னால் முடியவில்லை.

"அவருக்கு முன்னாலயே தெரியுமாம் அக்கா."

"அன்னைக்கு அங்க நிக்கும்போதேவா?"

"ஆமாம்."

அந்தப் பக்கம் ஒரு ஜீப் கடந்து போகிற சத்தம் கேட்டது. யாரோ தூரத்தில் "புஷ்பம்" என்று கூப்பிட்டார்கள். அனில் சார் சம்மதித்துவிட்டார், நீங்கள் திங்கள்கிழமையே திரும்பி வரலாம் என்றேன்.

"செரி மேடம். நீங்க சொன்னது நல்லதுதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, சண்டையாக இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவரைப் போலக் கேட்டார்.

"அங்க வந்து, யாரு கூட மேடம் நான் சோறு திங்குறது?"